அத்தை வாய் திறக்காத ஞாயிறுகள்

மார்ச் 3, ஞாயிறு

அத்தை இன்று என்னைத் திட்டவில்லை.

எழுதி வைக்க வேண்டிய செய்திதான் இது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து என் மாமியார் வாயால் திட்டு வாங்காமல் ஒரு ஞாயிறு போனதில்லை. கதவைச் சாத்தியது சரியில்லை, துணியை மடித்தது சரியில்லை, சும்மா நின்றாலும் நின்ற விதம் சரியில்லை. பக்கவாதம் வந்து வலது கை விழுந்து, பேச்சு குழறி, நாங்கள் இருவரும் வேலைக்குப் போகிறவர்கள் என்று முதியோர் இல்லத்தில் சேர்த்த பிறகும் அவர் விடவில்லை. குழறிக் குழறியே திட்டுவார். இன்று உதடுகளை இறுக்கி மூடிக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். ஆரஞ்சுச் சுளையை உரித்து வாயருகே கொண்டுபோனேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வெளியே வந்ததும் இவரிடம் சொன்னேன். "திட்டலன்னா சந்தோஷப்படேன். அதுக்கும் சந்தேகமா உனக்கு?" என்றார் என் வீட்டுக்காரர்.

சந்தேகப்படத்தான் எனக்குச் சம்பளம் தருகிறார்கள். பேருந்தில் ஏறி டிக்கெட் பரிசோதிப்பது என் வேலை. டிக்கெட் எடுக்காத ஆளைக் கண்டுபிடிப்பது கஷ்டமே இல்லை. நான் ஏறியதும் ஜன்னலுக்கு வெளியே ரொம்ப அக்கறையாகப் பார்ப்பார்கள். அத்தை அப்படித்தான் பார்த்தார்.

எதை மறைக்கிறார்?

மார்ச் 10, ஞாயிறு

இல்லத்தின் மேற்பார்வையாளர் அம்மாவுக்கு நான் 'சர்க்கரை' என்று பெயர் வைத்திருக்கிறேன். அவ்வளவு இனிப்பு. எல்லோரையும் "அம்மாக் கண்ணு" என்றுதான் கூப்பிடுவார். ஆனால் வருவதற்கு முன் போன் செய்துவிட்டுத்தான் வர வேண்டும், அதுவும் ஞாயிறு மத்தியானம் மட்டும். "அவங்க தூக்கம் கெட்டுடக் கூடாது பாருங்க." முன்னாலேயே சொல்லிவிட்டு வரும் பரிசோதகரிடம் யார் மாட்டுவார்கள்?

கட்டில் விரிப்பு மடிப்புக்கூடக் கலையாமல் இருந்தது. அறை முழுக்க முகப்பவுடர் வாசனை. வராந்தாவில் ஒரு சக்கர நாற்காலி சுவரைப் பார்த்து நின்றது, அதில் யாரோ ஒரு அம்மா. கேட்டேன். "வெளிச்சம் அவங்களுக்குக் கண் கூசுது" என்றார் சர்க்கரை. அந்த வராந்தாவில் கண் கூசும்படி என்ன வெளிச்சம் இருக்கிறது?

அத்தையின் கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு தெரிகிறது. "வயசாச்சுன்னா நாக்குல ருசி போயிடும். அரைச்சுத்தான் கொடுக்கிறோம், துப்பிடறாங்க. கொஞ்சம் அடம்" என்றார்.

எதிர்க் கட்டில் டீச்சரம்மா மட்டும் என்னைப் பார்த்து வாய் நிறையச் சிரித்தார். ஞாபகம் தப்பிப்போனவர், எல்லோரையும் பார்த்துச் சிரிப்பார். எங்கேயோ பார்த்துப் பழகிய சிரிப்பாக இருந்தது. வீடு வரும்வரை அது மண்டையைக் குடைந்தது.

மார்ச் 13, புதன்

அத்தை அடம் பிடிப்பவர்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் சாப்பாட்டில் ஒருநாளும் பிடித்ததில்லை.

மார்ச் 17, ஞாயிறு

நீல ஏப்ரன் கட்டிய ஆயா மேல்தான் எனக்குச் சந்தேகம். பெரிய கை, கடுகடு முகம், கேட்டதற்குப் பதில் கிடையாது. அத்தையின் வாயைத் துடைக்கும்போது அத்தை கண்ணை இறுக்கி மூடினார். பயமா, வலியா? அந்த ஆயா சோற்றை வாயில் திணிக்கிறாளோ? அடிக்கிறாளோ? முழங்கையைத் திருப்பிப் பார்த்தேன், காயம் இல்லை. இல்லை என்பதும் சந்தேகமாகத்தான் இருந்தது. தெரியாத இடமாகப் பார்த்து அடிக்கத் தெரியாதா என்ன?

நாத்தனாருக்குப் போன் போட்டுச் சொன்னேன். "அம்மா உங்ககிட்ட இருந்தப்ப மட்டும் என்ன வாழ்ந்தாங்க அண்ணி?" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. மாமியாருக்காக மருமகள் கவலைப்பட்டால் இந்த உலகத்தில் யாரும் நம்ப மாட்டார்கள் போலிருக்கிறது. சொத்துக்கு அடிபோடுகிறாளோ என்று பார்ப்பார்கள். நானே ஒரு நிமிஷம் என்னைச் சந்தேகப்பட்டேன், சொத்து ஒன்றும் இல்லாத வீட்டில்.

கிளம்பும்போது அத்தைக்கு ஒரு தும்மல் வந்தது. வாய் திறந்து மூடியது. அந்த ஒரு நொடியில் என்னவோ தப்பாகப் பட்டது. என்ன பார்த்தேன்? எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை.

மார்ச் 19, செவ்வாய்

பிடிபட்டுவிட்டது!

காலை வண்டியில் ஒரு பெண் டிக்கெட்டை நீட்டிவிட்டுச் சிரித்தாள். முன்பற்கள் இரண்டுக்கும் நடுவில் சந்து. அங்கேயே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன்.

அத்தைக்கும் அதே சந்து உண்டு. பல் எல்லாம் விழுந்து செட் கட்டப் போனபோது நான்தான் கூடப் போனேன். டாக்டர் வரிசையாக, அழகாகக் கட்டித் தருகிறேன் என்றார். அத்தை விடவில்லை. "என் சந்த எனக்கு வச்சுக் கொடுங்க. இல்லன்னா கண்ணாடியில யாரோ ஒருத்தி நிப்பா." டாக்டர் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. அப்படியே கட்டிக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை தும்மியபோது அத்தையின் வாயில் சந்து இல்லை. சோப்பு விளம்பரம் மாதிரி வரிசைப் பல்.

இவரிடம் சொன்னேன். "தும்முற நேரத்துல பல்லு எண்ணினியா நீ?" என்று கேட்டுவிட்டுச் செய்தித்தாளைப் பிரித்தார்.

சரி. நாளைக்குப் போகிறேன். போன் கீன் எதுவும் கிடையாது.

மார்ச் 20, புதன்

இன்றைக்கே எழுதிவிட வேண்டும்.

பணி முடிந்து சீருடையோடேயே போனேன். வாட்ச்மேன் என்னை ஏதோ பெரிய அதிகாரி என்று நினைத்து சல்யூட் அடித்து கேட்டைத் திறந்துவிட்டார். நானும் திருத்தவில்லை.

பவுடர் வாசனை இல்லை. மூத்திர வாடை குப்பென்று அடித்தது. கூடத்தில் எல்லோரையும் வரிசையாக உட்கார வைத்திருந்தார்கள், எல்லோர் கன்னமும் உள்ளே போயிருந்தது. ஒருவர் வாயிலும் பல் இல்லை. ஞாயிற்றுக்கிழமை நான் பார்த்த அதே ஆட்கள்தானா என்று ஒரு கணம் குழம்பிப்போனேன். டீச்சரம்மா என்னைப் பார்த்துச் சிரித்தபோது அது வெறும் பள்ளமாக இருந்தது. நாளைக்கு யாராவது இல்லை என்று சாதித்தால்? போனை எடுத்து ஒவ்வொருவராகப் படம் பிடித்தேன்.

அத்தை அந்த வரிசையில் இல்லை. வராந்தாவில் இருந்தார். சுவரைப் பார்த்து.

நாற்காலியைத் திருப்பினேன். என்னைக் கண்டதும் அவர் முகத்தில் வந்தது சந்தோஷம் இல்லை, பயம். "போ… போயிடு" என்றார். குழறல்.

நீல ஏப்ரன் ஆயா ஓடி வந்தார். நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. "பல்லு எங்க?" என்றது மட்டும் நினைவிருக்கிறது. அந்த அம்மா மறைக்கவே இல்லை, அதுதான் ஆச்சரியம். "தொட்டியில இருக்குங்க. ஞாயித்துக்கிழமைதான் போடுவோம், பாக்க வர்றவங்களுக்காக. தினமும் ஒவ்வொருத்தருக்கும் கழுவி மாட்ட ரெண்டு பேரால முடியுமா? மேடம்தான் அப்படிச் சொல்லியிருக்காங்க."

குளியலறையில் ஒரு பிளாஸ்டிக் தொட்டி. கலங்கல் தண்ணீர். அதில் எல்லோருடைய பல்லும் ஒன்றாகக் கிடந்தது.

"எது யாருதுன்னு எப்படித் தெரியும்?"

"போட்டுப் பாப்போங்க. எது உள்ள போகுதோ அத விட்டுருவோம்."

தொட்டிக்குள் கையை விட்டேன். துழாவினேன். சந்து வைத்த பல் கிடைத்தது. குழாயில் கழுவி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.

"அது டீச்சரம்மாக்குப் போடுறதுங்க" என்றார் ஆயா. "அவங்க பையன் வெளிநாட்டுலேர்ந்து வீடியோவுல பாப்பாரு. அவங்க வாய்க்கு அது கொஞ்சம் தொளதொளன்னுதான் இருக்கும். ஆனா சிரிப்பு எடுப்பா இருக்குன்னு மேடம் அதையே போடச் சொன்னாங்க."

பழகிய சிரிப்பு! என் மாமியாரின் சிரிப்பைத்தான் நான் எதிர்க் கட்டிலில் பார்த்திருக்கிறேன்.

"அப்ப எங்க அத்தைக்குப் போட்டது டீச்சரம்மாவோடதா?"

ஆயா தொட்டியிலிருந்து ஒரு வரிசைப் பல்லை எடுத்துக் காட்டினார். "இல்லீங்க. அது ஜன்னலோரக் கட்டில்ல இருந்த அம்மாவோடது. அவங்க போன மழைக்காலத்துல போய்ச் சேந்துட்டாங்க. பல்லு இங்கயே நின்னுடுச்சு. யாரும் கேக்கல."

தொட்டியை மறுபடி பார்த்தேன். கூடத்தில் இருக்கும் வாய்களைவிடத் தொட்டியில் பல் அதிகம்.

அத்தையை வாய் திறக்கச் சொன்னேன். மாட்டேன் என்றார். கெஞ்சினேன். திறந்தார். ஈறு முழுக்கப் புண், வெள்ளை வெள்ளையாக. ஒரு ஞாயிறு பொருந்தாத பல்லை அழுத்திப் போட்டதில் வந்த புண் ஆறுவதற்குள் அடுத்த ஞாயிறு. இந்த வாயை வைத்துக்கொண்டு அவர் எப்படிச் சாப்பிடுவார்? எப்படித் திட்டுவார்?

சர்க்கரை வந்தார். "பல்லுதானேம்மா கண்ணு, மாத்திப் போட்டுட்டா போச்சு. இத வெளியில சொல்லிப் பெரிசு பண்ணாதீங்க." அந்தக் குரல் மாறவே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

இவருக்குப் போன் செய்தேன். வந்தார். அம்மாவின் வாய்க்குள் பார்த்தார். பிறகு என்னைப் பார்க்க முடியாமல் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். சந்து வைத்த பல்லையும் எடுத்துக்கொண்டு அத்தையை வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டோம்.

மார்ச் 22, வெள்ளி

சமூகநல அலுவலகத்தில் புகார் கொடுக்கப் போனேன். அதிகாரி பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். ஆளை அனுப்பிப் பார்ப்பார்களாம். "முன்கூட்டியே தெரிவிச்சுட்டுத்தான் போவோம். அதுதான் முறை."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

மார்ச் 29, வெள்ளி

நான் காலைப் பணி, இவர் இரவுப் பணி என்று மாற்றிக்கொண்டோம். பல் டாக்டர் தந்த மருந்தில் புண் ஆறி வருகிறது. அத்தை கூழாகக் கரைத்ததைக் குடிக்கிறார். பேச்சு மட்டும் இல்லை.

இன்று அறையைப் பெருக்கும்போது குறுக்கே நின்ற சக்கர நாற்காலியை அத்தையோடு அப்படியே திருப்பி நகர்த்தினேன். நினைக்கவே இல்லை. பாவி நான், சுவர்ப்பக்கம் திருப்பிவிட்டேன். பின்னாலிருந்து சின்னக் குழந்தை மாதிரி ஒரு குரல்.

"இனிமே சொல்ல மாட்டேன். வலிக்குதுன்னு சொல்ல மாட்டேன்."

துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஓடினேன். நாற்காலியைத் திருப்பி அவர் மடியில் தலையை வைத்து அழுதேன். இந்த வாய்க்கு நான் எத்தனை வருஷம் பயந்தேன்! அந்த வாயையே இப்படிப் பூட்டிவிட்டார்களே. ஐயோ, எப்படிப் பேசுற வாய் அது.

இடது கையால் என் தலையைத் தொட்டார்.

ஏப்ரல் 7, ஞாயிறு

அத்தையின் பல்லைக் கொதிநீரில் போட்டுக் கெடுத்துவிடாதீர்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தபடி மருந்துத் தண்ணீரில் கழுவி, இன்று போட்டுவிட்டேன். கண்ணாடி கேட்டார். காட்டினேன். பல்லைக் காட்டிப் பார்த்துக்கொண்டார். சந்தில் நாக்கை வைத்துப் பார்த்தார்.

பிறகு என் பக்கம் திரும்பினார், அதே பழைய குழறலோடு.

"டீச்சருக்கு இப்ப யாரு பல்லுடி?"

தெரியாது என்றேன்.

"தெரியாதா? பஸ்ஸு முழுக்க ஆளு மாட்டிக்கிட்டு நிக்குது, உன் ஆள மட்டும் இறக்கிக் கூட்டிட்டு வந்துட்டே. இதுதான் நீ செக் பண்ற லட்சணமா? நிக்கறதப் பாரு, மரம் மாதிரி!"

இவர் சமையலறையிலிருந்து கரண்டியோடு ஓடி வந்தார். நான் நின்ற இடத்திலேயே நின்று முழுத் திட்டையும் வாங்கிக்கொண்டேன். இவ்வளவு நிம்மதியாக நான் திட்டு வாங்கியதே இல்லை.

ஏப்ரல் 8, திங்கள்

டீச்சரம்மாவின் மகனுடைய போன் எண்ணை, பஸ் நிறுத்தத்தில் பிடித்துக் கேட்டபோது, அந்த நீல ஏப்ரன் ஆயாதான் கொடுத்தார். யாரிடமும் சொல்லிவிடாதீர்கள் என்று கும்பிட்டார். போன மாதம் வரை அத்தையை அடிக்கிறாள் என்று நான் நினைத்த மனுஷி.

மகன் போனில் நம்பவில்லை. "எங்க அம்மா வாரா வாரம் நல்லா சிரிச்சுப் பேசுறாங்களே. உங்களுக்கு அந்த இடத்து மேல ஏதாவது கோபமா?" அவர் குரலில் என் சந்தேகமே எனக்குக் கேட்டது. வாதாடவில்லை. அந்தப் புதன்கிழமை பிடித்த படத்தை அனுப்பிவைத்தேன்.

கொஞ்ச நேரம் கழித்துப் பதில் வந்தது. "இது யாரு?"

உங்கள் அம்மா என்று எழுதினேன்.

அதற்குப் பதில் வரவில்லை. போன்தான் வந்தது. அந்தப் பக்கம் ஒரு ஆண்பிள்ளை அழுதுகொண்டிருந்தார். வெள்ளிக்கிழமை வந்து சேர்கிறாராம். அதுவரை யாராவது போய்ப் பார்ப்பீர்களா என்று கேட்டார்.

ஏப்ரல் 10, புதன்

போனோம். நான், இவர், சக்கர நாற்காலியில் அத்தை. "நானும் வருவேன்" என்று பிடித்த பிடியில் நின்றுவிட்டார்.

வாட்ச்மேன் இந்தத் தடவை சல்யூட் அடிக்கவில்லை. "போன் பண்ணிட்டுத்தான் வரணும், மேடம் சொல்லியிருக்காங்க" என்று கேட்டைப் பிடித்துக்கொண்டார். உள்ளே யாரோ அவசரமாக நடக்கும் சத்தம், வாளி உருளும் சத்தம். அத்தையின் இடது கை நாற்காலிப் பிடியை இறுக்கியிருந்தது, விரல் வெளுக்கும் அளவுக்கு. திரும்பிவிடலாமா அத்தை என்று குனிந்து கேட்டேன்.

"வாசல்ல நின்னுக்கிட்டு என்னடி பேச்சு?" என்றார் உரக்க, தெரு முழுக்கக் கேட்கும்படி. "தள்ளு."

தள்ளினேன்.