எக்கோசேஸ் என்ற சொல்லும் என் பொய்யும்

என் அருமைக் கஸ்தூரி,

நீ மறைந்து ஐந்து மாதங்கள் ஆகின்றன. உன் கணவர், என் கொழுந்தனார், நேற்றுதான் மீண்டும் பேக்பைப் என்னும் பைக்குழலைக் கையில் எடுத்தார். கோவில்பதாகை மகளிர் வாசகர் வட்டத்தார் உனக்கு நினைவு மலர் வெளியிடுகிறார்கள். நீ ஆற்றிய ஒரே உரையைக் கைப்பேசிப் பதிவிலிருந்து எழுதியெடுத்து, பிழை திருத்த என்னிடம் தந்திருக்கிறார்கள்.

வட்டத்தில் நீ பேசிய அந்த ஞாயிற்றுக்கிழமையை என்னால் மறக்க இயலவில்லை. ஸ்காட்லாந்து ஐரோப்பாவுக்கு வழங்கிய கொடைகளைப் பற்றி முதலில் பேசியவள் நான். பள்ளியிறுதிக்கு மேல் கல்லூரி காணாதவள், அகராதியைத் துணைகொண்டு மூன்று வாரம் உழைத்து எழுதிய கட்டுரை. அவையில் கொட்டாவி. பேக்பைப் வாசிப்பவரின் மனைவியாயிற்றே என்று உன்னையும் இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். குறிப்புச் சீட்டுகூட இல்லாமல் எழுந்தாய்.

"எங்க ஊட்டுக்காரரு ஆவடி பட்டாள கேம்ப் பேண்டுல ஊதிகினு கீறாரே, அது ஸ்காட்லாந்துக்காரன் சாமான்! ஊதி ஊதி அவரு கன்னமே பன்னு மாதிரி ஆயிடிச்சி. பிரான்சு ராஜாவுக்கு சொந்த ஊரு ஆளுங்க மேல நம்பிக்கை இல்ல. ஸ்காட்லாந்து ஆளுங்களைக் காவலுக்கு வச்சிகினாரு. பகல்ல காவலு, சாயந்தரம் அரண்மனையில எக்கோசேஸ் டான்ஸு!"

கூரை அதிரக் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். வயிறு எரிந்தது.

இப்போது சரிபார்த்தேன். உன் கடைசி வாக்கியம் தவறு. பிரெஞ்சு மொழியில் எக்கோசேஸ் என்றால் ஸ்காட்லாந்தைச் சேர்ந்தது என்று பொருள். காவல் படைக்கும் அப்பெயர் உண்டு, நடனத்துக்கும் உண்டு. ஆனால் படை தோன்றிப் பல நூற்றாண்டுகள் கழிந்தபின்பே நடனம் பரவியது. அதை ஆடியவர்களுள் பலர் ஸ்காட்லாந்தைக் கண்டதுமில்லை.

உண்மையை எழுதுகிறேன், கஸ்தூரி. நீ பிழையாகப் பேசியது எனக்கு இனித்தது. திருத்தாமல் அச்சுக்கு அனுப்பிவிடலாம் என்று இரண்டு நாள் எண்ணியிருந்தேன். மூன்றாம் நாள் வேறொன்று நினைவுக்கு வந்தது.

கூட்டத்துக்கு முந்தைய நாள் மாடிப்படியில் நின்று என்னைக் கேட்டாயே.

"அக்கா, நீதான் படிச்சவ. அவரு பேண்டு புக்குல பட்டாளத்துக்கும் எக்கோசேஸுன்னு பேரு, டான்ஸுக்கும் அதே பேரு போட்டுகீது. ரெண்டும் ஒண்ணா?"

"ஐயமின்றி ஒன்றே" என்றேன்.

எனக்குத் தெரியாது. உன்னிடம் போய்த் தெரியாது என்று சொல்வதா என்ற வீம்பு. பிறகேனும் நீ அறிந்தாயா? அறிந்தும் என் முகத்துக்கு நேரே சொல்லாமல் விட்டாயா?

உன் வாக்கியத்தில் கை வைக்க மாட்டேன். அதன் கீழே ஓர் அடிக்குறிப்பு வரும்: "இப்பிழை பேசியவருடையதன்று. அவர் ஐயம் கேட்டபோது, அறியாததை அறிந்ததாகச் சொன்ன ஓரகத்தியுடையது." என் பெயரும் இருக்கும். வெளியீட்டு நாளில் அதை நானே எழுந்து வாசிப்பேன். அப்போதும் கைதட்டல் உனக்குத்தான் கிடைக்கும். எனக்கு வயிறு எரியத்தான் செய்யும். ஆயினும் வாசிப்பேன். இது உறுதி.

உன் மூத்த ஓரகத்தி,
திலகவதி