ஆஷூராவுக்குக் கண்ணாடிக் கிண்ணம்

அன்புள்ள நிஹாலுக்கு அம்மா எழுதுவது.

இறைவன் அருளால் இங்கே அலெக்சாந்திரியாவில் நானும் அப்பாவும் நலம், அப்பாவின் முழங்கால் மட்டும் வழக்கம்போல் மாடிப்படியோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறது. நீ நலம் என்று போனில் சொன்னதை நான் பாதிதான் நம்பினேன், குரலில் சளி இருந்தது. குளிர் நாட்டில் இருப்பவள் கழுத்தைத் திறந்து போட்டுக்கொண்டு சைக்கிள் ஓட்டினால் வேறு என்ன வரும்.

போன கோடையில் வந்தபோது சமையலறைக் கதவுக்குப் பின்னால் தொங்கிய பிளாஸ்டிக் பை மூட்டையைப் பார்த்து, என்னம்மா இது, பைக்குள்ள பை, அதுக்குள்ள இன்னொரு பை, யாருக்குச் சீதனம் என்று சிரித்தாயே, அந்த மூட்டை இப்போது இல்லை, பிளாஸ்டிக்கையே விட்டுவிட்டேன். நம் வீட்டுப் பையை நிறுத்தினால் கடல் சுத்தமாகிவிடும் என்பதை இன்றும் நான் முழுதாக நம்பவில்லை, புள்ளியியல் படித்தவளுக்கு அந்தக் கணக்கு ஒத்துவரவில்லை. ஆனால் பிளாஸ்டிக் டப்பாவின் விலை ஏறுகிற வேகம் நன்றாகவே புரிந்தது. கடலுக்காக இல்லாவிட்டாலும் கைப்பைக்காக ஆரம்பித்தேன். ஜாம் பாட்டில்களில்தான் இப்போது பருப்பும் சீரகமும், ரொட்டிக்குப் பழைய தலையணை உறை. காலையில் தெருவண்டியில் ஃபூல் மொச்சை வாங்க பால்கனியிலிருந்து கூடையைக் கயிற்றில் இறக்கும்போது காசோடு மூடிபோட்ட பாத்திரத்தையும் வைத்து இறக்குகிறேன், கொதிக்கக் கொதிக்க மொச்சையைப் பையில் கட்டி வாங்கித் தின்றதை நினைத்தால் இப்போது எனக்கே என்னவோபோல் இருக்கிறது. வண்டிக்கார ரகப் முதல் நாள் தெருவே கேட்கும்படி, மேடம், பாத்திரத்தை இறக்கினீங்க சரி, அப்படியே சாரையும் கூடையில உட்கார வெச்சு இறக்குங்க, ஊட்டிவிட்டே அனுப்புறேன் என்றார். அப்பா பால்கனியிலிருந்து, கயிறு தாங்காதுப்பா என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தார். பைக்கு அளந்து போடுகிறவர் பாத்திரத்துக்குக் கண்ணளவாகத்தான் ஊற்றுகிறார், ஒரு கரண்டி கூடவே விழுகிறது.

இந்த வெற்றியில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் வந்துவிட்டது போலிருக்கிறது. முஹர்ரம் பத்தாம் நாள் ஆஷூரா வந்தது, வழக்கம்போல் கோதுமையும் பாலும் திராட்சையும் போட்டு ஒரு பெரிய பானை பாயசம் காய்ச்சினேன். இத்தனை வருடமும் பிளாஸ்டிக் கிண்ணத்தில் ஊற்றித்தான் வீடு வீடாகக் கொடுத்தோம், இந்த முறை உன் நிச்சயதார்த்தத்துக்கு என்று வாங்கி வைத்த கண்ணாடிக் கிண்ணங்களை எடுத்தேன் (நிச்சயதார்த்தம் எப்போது என்று கேட்கவில்லை, கிண்ணங்கள்தான் கேட்கின்றன). பிளாஸ்டிக் என்றால் சாப்பிட்டுத் தூக்கிப்போட்டதோடு கதை முடிந்தது. கண்ணாடி அப்படியில்லை, அடுத்த வீட்டுக் கிண்ணத்தை வெறுமையாகத் திருப்பித் தருகிற ஆள் நம் கட்டடத்தில் உண்டா. இது எனக்குத் தெரியாததா, ஆனால் மிச்சக் கணக்குப் போட்ட மும்முரத்தில் மறந்தே போனேன். எலுமிச்சை ஊறுகாயோடு ஒரு கிண்ணம் வந்தது, முலுகியாக் கீரைக் குழம்போடு ஒன்று, பஸ்பூஸா ரவைக் கேக் அடுக்கி ஒன்று. எனக்கு அடுப்பு மூட்டவே வேலையில்லை. பிளாஸ்டிக்கை விட்டா இவ்வளவு கிடைக்கும்னு தெரிஞ்சா கல்யாணத்தன்னைக்கே விட்டிருப்பேனே என்றார் அப்பா, வாய் நிறைய பஸ்பூஸாவோடு.

வராதது ஒரே கிண்ணம், மூன்றாம் மாடி தஹானியுடையது, நீ சின்னவளாக இருந்தபோது உனக்குப் பின்னல் போட்டுவிடுவாளே, அவள். கிண்ணம் வராதது மட்டுமில்லை, தினமும் சாயங்காலம் காபிக்கு வருகிற அவளும் வரவில்லை. மாடிப்படியில் என்னைப் பார்த்தால் சாவியை மறந்தவள்போல் திரும்பி ஏறினாள். கிண்ணம் உடைந்திருக்கும், அதற்கு இவ்வளவு வீம்பா என்று நான் முதலில் கோபித்துக்கொண்டேன். அப்பாதான் சொன்னார், அவ புருஷன் வேலை செஞ்ச ஆலையை மூடிட்டாங்க, மாசக்கணக்கா வீட்டுலதான் இருக்கார், காபிக்கடையில எல்லாருக்கும் தெரியும், பக்கத்துல உட்கார்ந்து குடிக்கிற உனக்குத் தெரியலையா என்று. அப்புறம்தான் எனக்கு உறைத்தது. அவள் கிண்ணத்தில் வைத்துத் தர எதுவும் இல்லாமல்தான் ஒளிகிறாள். மிச்சம் பிடிக்கப் போய் இருபது வருடத் தோழியைக் கதவுக்குப் பின்னால் தள்ளிவிட்டேன். ஏதாவது வாங்கிக்கொண்டு போகலாம் என்றால் அது இன்னொரு பாத்திரமாகிவிடும், இன்னொரு கடன்.

வெறுங்கையோடுதான் ஏறினேன். கதவைத் திறந்தவள் முகத்தை எங்கோ வைத்துக்கொண்டு, கிண்ணம் பத்திரமா இருக்கு நிஹால் அம்மா, நாளைக்கு ஏதாவது செஞ்சு எடுத்துட்டு வர்றேன் என்றாள். எனக்கு இப்ப தொண்டை வறண்டு கிடக்கு, அந்தக் கிண்ணத்துலயே தண்ணி குடு என்றேன். அவள் உள்ளே போய் விளிம்புவரை நிரப்பிக் கொண்டுவந்தாள். பாதியைக் குடித்துவிட்டு மீதியோடு, என் கிண்ணம் வந்தாச்சு, நிரம்பித்தான் வந்திருக்கு என்று சொல்லிப் படியிறங்கினேன். பின்னாலிருந்து, படிச்சவளுக்குத் தண்ணியைச் சிந்தாம இறங்கக்கூடத் தெரியல, தரையெல்லாம் ஈரம், யாரு துடைக்கிறது என்று கத்தினாள். சொந்தத் தங்கைகூட என்னை இத்தனை ஆசையாகத் திட்டியதில்லை. அவள் கணவருக்கு வேலை கேட்டு அப்பா பழைய நண்பர்களிடம் பேசிக்கொண்டிருக்கிறார், இன்னும் ஒன்றும் தகையவில்லை, நீயும் பிரார்த்தனை செய்.

நீ அங்கே டப்பாச் சாப்பாட்டைக் குறைத்துக்கொள், வீட்டில் சமைத்தால் காசும் மிஞ்சும் உடம்பும் தேறும். அறைத்தோழிக்கு ஏதாவது கொடுத்தால் எதில் கொடுக்கிறோம் என்று ஒரு தரம் யோசித்துக் கொடு. சளிக்குச் சோம்புத் தண்ணீர் குடி, வெள்ளிக்கிழமை தவறாமல் கூப்பிடு, அப்பா மத்தியானத்திலிருந்தே போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். இறைவன் உன்னை எல்லாத் தீங்கிலிருந்தும் காத்து, உன் வழியில் நல்லவர்களையே நிறுத்தி வைப்பானாக. படியில் செருப்புச் சத்தம், தஹானிதான், வெறுங்கையை வீசிக்கொண்டு வருகிறாள், காபியை ஏற்ற வேண்டும்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்
அம்மா இனாயத்,
அலெக்சாந்திரியா