கச்சத்தீவில் நான் சொன்ன பொய்

என் ஊர்சுற்றி அப்பாவுக்கு,

மறுபடியும் பெயர் கொடுத்துவிட்டேன். கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்குத்தான். ராமேஸ்வரத்திலிருந்து படகு ஏற இன்னும் ஒன்பது நாள். அதுவரை இந்தப் பெங்களூர் ஆடுகோடி வீட்டில் எப்படி இருப்பேன் என்று தெரியவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் எதற்கு எழுந்தேன் என்று மறந்துபோகிறது. நேற்று பஸ்ஸில் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிச் சந்தாபுரா வரை போய்விட்டேன். கண்டக்டர் கன்னடத்தில் திட்டினார். நானும் கன்னடத்திலேயே திருப்பிக் கொடுத்தேன். உங்கள் மகள்தானே.

போன வருஷம் முதல் தடவையாக அங்கே போனேனே, அது நீங்கள் இறந்துபோன செய்தியை யாழ்ப்பாணத்துச் சவரி அங்கிளிடம் நேரில் சொல்லத்தான். வருஷத்துக்கு ஒரு முறை, திருவிழா நடக்கும் இரண்டு நாள் மட்டும் பார்த்துக்கொள்ளும் சிநேகம் உங்களுடையது. போன் நம்பர்கூட வாங்கி வைக்காமல் என்ன சிநேகமோ.

கொம்பு நட்டு, அதில் சேலையைக் கூடாரம்போலக் கட்டி, இரண்டு நாட்டு ஜனமும் பக்கத்தில் பக்கத்தில் தங்கியிருந்தது. நம் ஆட்கள் பலகாரம் கொடுக்க, அவர்கள் சோப்பு கொடுத்தார்கள். போட்டோவில் பார்த்த மீசையை வைத்து அவரைக் கண்டுபிடித்தேன். உங்கள் பெயரைச் சொன்னதும் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"பிள்ளை, அப்பா எங்கை? பின்னாலை வாறாரோ?"

பெங்களூரிலிருந்து சொல்லிப் பார்த்துக்கொண்டே போன வார்த்தையை விட்டுவிட்டு வேறொன்றைச் சொன்னேன்.

"முட்டி வலி அங்கிள். அடுத்த வருஷம் வருவாரு."

அதோடு விட்டாரா மனுஷர்? சாயங்காலம் சிலுவைப்பாதை. பதினான்கு இடங்களில் நின்று ஜெபிப்பார்கள், மற்றவர்கள் மண்டியிட்டு உடனே எழுந்துவிட்டார்கள். இவர் மட்டும் ஒவ்வொரு இடத்திலும் ஜெபம் முடியும்வரை சரளைக்கல்லில் முழங்காலிலேயே இருந்தார். "எழுந்திருங்க அங்கிள்" என்று தோளைத் தொட்டேன்.

"இரு பிள்ளை. அப்பாவின்ர முழங்காலுக்காகத்தான் கேக்கிறன்."

எனக்கு வெட்கத்தில் உயிரே போய்விடும்போல் இருந்தது. அப்போதும் சொல்லவில்லை. மறுநாள் கையசைத்துப் படகேறும்போதும் சொல்லவில்லை.

ஏன் தெரியுமா அப்பா? இங்கே உங்களுக்கு எல்லாம் செய்து முடித்தாயிற்று. உங்கள் சட்டைகளை அம்மா தங்கவயல் சித்தப்பாவிடம் கொடுத்துவிட்டாள். கல்லறையில் பெயரும் வெட்டியாயிற்று. கடலுக்கு அந்தப் பக்கம் ஒரே ஒருவருக்கு மட்டும் நீங்கள் முட்டி வலியோடு வீட்டில் உட்கார்ந்திருக்கிறீர்கள். அதைக் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை. இது பாவமா, பாசமா?

எதுவானாலும், ஒரு வயசான மனுஷரைக் கல்லில் மண்டியிட வைத்து உங்களை நான் உயிரோடு வைத்துக்கொள்ளக் கூடாது. இந்த வருஷமும் அவர் உங்களுக்காக வேண்டிக்கொள்ள வருவார். திட்டுவார், இல்லை முகத்தைத் திருப்பிக்கொள்வார். கேட்டுக்கொள்கிறேன். கரையில் அவரைப் பார்த்ததும் முதல் வார்த்தையாகச் சொல்லிவிடுவேன், இது சத்தியம். எனக்கும் நீங்கள் அன்றைக்குத்தான் போவீர்கள், அப்பா.

இன்னும் ஒன்பது நாள் உங்களை விடாத சின்ன மகள்,
ஸ்டெல்லா