நான் சொன்ன முப்பத்தேழு

சிட்டு,

நீ அங்கே உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறாய் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன், ஏதாவது இருந்தாலும் இது உன் கைக்கு வருவதற்குள் சரியாகிவிடும். எனக்கும் ஒன்றும் இல்லை, முட்டி மட்டும்தான், அது போன வருஷமும் இருந்தது. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய், போனில் நான் பாதி சொல்வதற்குள் அம்மா கொஞ்சம் நிறுத்து என்பாய், இதில் நீ குறுக்கே பேச முடியாது. தப்பு இருந்தால் திருத்திப் படித்துக்கொள், நான் ஐந்தாவதோடு நின்றவள்.

விஷயம் வீடுதான். நாம் இத்தனை வருஷம் வாடகைக்கு இருந்த வீட்டை விற்கிறார்கள். வீட்டுக்கார அம்மாவுக்குக் கண் சரியாகத் தெரிவதில்லை, மகள் வீட்டோடு போய்விட்டார், மகன்தான் முன்னால் நின்று விற்கிறார். இத்தனை நாள் என்னை அக்கா என்று கூப்பிட்ட பிள்ளை விற்க ஆரம்பித்ததும் ஆன்ட்டி என்கிறது, அதிலேயே எனக்குப் பாதி புரிந்துவிட்டது. ஆனாலும் நல்ல பிள்ளை. வெளியாளுக்குக் காட்டுவதற்கு முன்னால் உங்களைக் கேட்கிறேன், நீங்களே ஒரு விலை சொல்லுங்கள், ஒத்துவந்தால் முடித்துக்கொள்ளலாம், இல்லையென்றால் புரோக்கரிடம் விட்டுவிடுவேன் என்றார். நீங்கள் என்ன எதிர்பார்க்கிறீர்கள் என்று கேட்டதற்குச் சிரித்தார். முதலில் வாயைத் திறக்கிறவருக்குத்தான் நஷ்டம் என்று நீ சொன்னாய், திறந்தே ஆகவேண்டும் என்றால் முப்பத்திரண்டு லட்சத்துக்கு மேல் போகாதே என்றாய். உன் மாமாவும் அதே முப்பத்திரண்டுதான் சொன்னான். நீங்கள் இரண்டு பேரும் எனக்குத் தெரியாமல் பேசிவைத்துக்கொண்டது எனக்குத் தெரியும், அதைப் பற்றி ஒன்றும் இல்லை.

உன் அப்பா இருந்தவரை வீடு வாங்க நம்மிடம் பணம் இல்லை. இப்போது அவர் வேலை பார்த்த லிஃப்ட் கம்பெனியிலிருந்து வந்த பணம் இருக்கிறது, அவர் இல்லை. அந்தப் பணத்தை வாங்கக் கையெழுத்துப் போடப் போனபோது அங்கே இருந்த பெண், அம்மா உங்களுக்கு அதிர்ஷ்டம், மூன்று மாதத்திலேயே வந்துவிட்டது என்றாள். நானும் ஆமாம் என்றேன். உனக்கு அப்போது ஒன்று சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன். நெஞ்சு வலிக்கிறது என்றதும் நான் துணி மடிக்கிற ஆஸ்பத்திரிக்குத்தானே கொண்டுபோனோம், ஸ்ட்ரெச்சரில் வைத்து லிஃப்டில் ஏற்றினார்கள், அது அவர் மாதா மாதம் வந்து பார்க்கிற லிஃப்ட். கதவு மூட நேரமாயிற்று. கதவு லேட்டா மூடுது, யாரிட்டயாவது சொல்லணும் என்றார். அதற்கு அப்புறம் அவர் ஒன்றும் பேசவில்லை. இப்போதும் அந்தக் கதவு லேட்டாகத்தான் மூடுகிறது, அவருக்குப் பதிலாக வந்த ஆள் பார்த்துவிட்டுச் சரியாக இருக்கிறது என்று எழுதிவிட்டுப் போனான். நான் படியில் போய்க்கொள்கிறேன், முட்டி அதனால்தான், டாக்டர் சொல்வது மாதிரி வயசானதால் இல்லை.

கையில் இருப்பது போதாமல் பேங்கில் கொஞ்சம் கடன் கேட்டோம், உன் மாமா கூடக் கையெழுத்துப் போடுகிறான். அவர்கள் மதிப்புப் போட ஒரு ஆளை அனுப்பினார்கள். சின்ன வயசுப் பிள்ளை, மரியாதையான பிள்ளை, கையில் ஒரு பெட்டி, அதிலிருந்து சிவப்பு வெளிச்சம் போய்ச் சுவரில் பட்டால் அளவு வந்துவிடுகிறது. பின்கதவைத் திறந்துகொண்டு கொல்லைப்பக்கம் போனார், கதவு தானாக மூடிக்கொண்டது, வெளியே நின்று தட்டினார். நான் போய்த் திறந்து, கயிற்றில் மணல் டின் தொங்குகிறது, அதுதான் இழுத்து மூடுகிறது, உள்ளே வர வேண்டுமானால் கதவைக் கொஞ்சம் தூக்கித் தள்ள வேண்டும் என்று சொன்னேன். எழுதிக்கொண்டார். கூடத்தைத் தடுத்து உனக்குப் படிக்க என்று அப்பா எழுப்பின சுவரைத் தட்டிப் பார்த்தார், அது மேலே போகப் போக வடக்கே சாய்கிறது என்றார், அது எங்களுக்குத் தெரியும் என்றேன், அதையும் எழுதிக்கொண்டார். பாத்ரூமில் தண்ணீர் ஊற்றினார், அது ஓட்டையை விட்டுவிட்டு வாசலைப் பார்த்து வந்தது. உன் அப்பாவுக்கு மேலே போவதும் கீழே வருவதும் தெரியும், சாய்வு தெரியாது. இவ்வளவும் எடுத்துப்போட்டுப் பழையபடி ஆக்குகிற செலவைக் கழித்தால் வீடு முப்பத்து நான்கு பெறும் என்று சொல்லிவிட்டு என் கையால் டீ குடித்துவிட்டுப் போனார். டீ நன்றாக இருக்கிறது என்றார்.

உன் மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை. அத்தான் செய்து வைத்தது ஒவ்வொன்றும் நமக்கு லாபம், வீட்டுக்காரர் மகன் வந்து உட்கார்ந்ததும் ஒவ்வொன்றாகக் காட்டிக் காட்டிக் குறைக்க வேண்டியதுதான் என்றான். நானும் சொல்ல வேண்டுமாம், அதுவும் சலித்துக்கொண்டு சொல்ல வேண்டுமாம், இந்த வீட்டில் மனுஷி குடியிருப்பாளா என்கிற மாதிரி. என்னை நடுக்கூடத்தில் நிற்கவைத்துச் சொல்லிக் காட்டச் சொன்னான். சுவர் கோணல் என்று சொன்னேன், சத்தமாக என்றான். சத்தமாகச் சொன்னேன். பின்கதவு என்றான். பின்கதவு தானாக மூடிக்கொள்ளும், மழைக்காலத்தில் ரொம்ப வசதி என்றேன். தலையில் கையை வைத்துக்கொண்டான். கடைசியில், அக்கா நீ வாயே திறக்காதே, பக்கத்தில் உட்கார்ந்திரு, மூஞ்சியை மட்டும் சோகமாக வைத்துக்கொள் என்றான். அது முடியும் என்றேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வேலை விட்டு நான் வந்த கொஞ்ச நேரத்தில் வீட்டுக்காரர் மகன் வந்தார். உன் மாமா ஒன்று ஒன்றாகக் காட்டினான். அவரும் மறுத்து எதுவும் சொல்லவில்லை, அதுதான் எனக்கு எதிர்பாராதது. சண்டை வரும், விட்டுக்கொடுக்காமல் பேசுவார் என்று நான் மனசைத் தயார்பண்ணி வைத்திருந்தேன். அவர் சுவரைப் பார்த்து, “இதெல்லாம் யார் வாங்கினாலும் மொதல்ல இடிச்சுத்தான் ஆகணும்” என்றார். உன் மாமா, “அதத்தான் நாங்களும் சொல்றோம்” என்றான். இரண்டு பேரும் சேர்ந்துகொண்டார்கள். சுவரை இடிக்க எத்தனை ஆள், பாத்ரூம் தரையைக் கொத்திப் போட எவ்வளவு, அள்ளிப்போட வண்டி எவ்வளவு என்று அண்ணன் தம்பி மாதிரி பேசிக்கொண்டே ஒவ்வொரு அறையாகப் போனார்கள். ஒவ்வொரு அறையிலும் விலை கொஞ்சம் இறங்கியது. கொல்லைப்பக்கம் போய்த் திரும்பி வருவதற்குள் முப்பத்து மூன்றுக்கு வந்துவிட்டது, அவர் வாயாலேயே வந்தது. உன் மாமா என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினான், சரி என்று தலையை ஆட்டினால் முடிந்தது. நான் அவன் சொன்னபடி மூஞ்சியைச் சோகமாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், அதில் எனக்குக் கஷ்டமே இல்லை.

அப்போது பின்னறையில் தொங்குகிற கயிறு என்ன என்று கேட்டுக்கொண்டே வீட்டுக்காரர் மகன் அதைப் பிடித்து இழுத்தார். உன் அப்பா செய்த துணி காயப்போடுகிற சட்டம் மேலேயிருந்து இறங்கி வந்தது, கயிற்றின் மறுமுனையில் கட்டியிருந்த டின் மேலே போயிற்று. அதில் என் வேலைச் சேலை இரண்டும், உன் அப்பாவின் துண்டும் கிடந்தன, துண்டு ஏன் காய்கிறது என்று கேட்காதே, நான் துவைத்தேன். சட்டம் அவசரமில்லாமல் வந்து அவர் தலைக்கு மேல் ஒரு சாண் இருக்கும்போது நின்றது. அவர் கயிற்றை விட்டார், அது அப்படியே நின்றது. ஒற்றை விரலால் மேலே தள்ளினார், போயிற்று. மறுபடி இழுத்தார், வந்தது. இப்படி நாலைந்து தரம் செய்தார். சத்தம் வருகிறதா என்று காதைக் கொடுத்துக் கேட்டார், சத்தம் வராது. அப்புறம் என்னிடம் வந்து நின்று, “ஆன்ட்டி, இத மட்டும் நான் கழட்டிட்டுப் போகட்டுமா, எங்க ஃபிளாட்ல துணி காயப்போட எடமே இல்ல” என்றார். உன் மாமா, அதற்கென்ன, தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல வாயைத் திறந்தான்.

“எதையும் கழட்டக் கூடாது தம்பி. முப்பத்தேழு” என்றேன்.

உன் மாமா என் காலை மிதித்தான், முட்டி வலிக்கிற கால். “அக்கா, அவரு அவ்ளோ கேக்கவே இல்லையே” என்றான். அவர் கேட்காததுதான், நான் சொன்னேன். வீட்டுக்காரர் மகன் அம்மாவைக் கேட்டுச் சொல்கிறேன் என்று கிளம்பினார், வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு, வருகிறேன் அக்கா என்றார். அவர் தெரு முனை திரும்பும்வரை உன் மாமா வாசலிலேயே நின்று பார்த்தான். திரும்பின பிறகு பேசினான். ஒரு கயிற்றுக்கும் ஒரு டின்னுக்கும் நாலா என்றான். அந்தச் சட்டத்தைக் கொடுத்துத் தொலைத்திருந்தால் கடையில் இதைவிட நல்லதாக நானே வாங்கி மாட்டியிருப்பேன் என்றான். பேங்க் முப்பத்து நான்குக்கு மேல் ஒத்துக்கொள்ளாது, மீதிக்கு எங்கே போவாய் என்றான். முட்டி ஆபரேஷனுக்கு வைத்திருப்பது இருக்கிறது என்றேன். அப்படியானால் நடக்க முடியாதே என்றான். வீடு இங்கேதானே இருக்கிறது, நடக்க வேண்டியதில்லை என்றேன்.

நீயும் அவன் மாதிரியே கோபப்படுவாய், தெரியும். அழுதுகொண்டே உளறிவிட்டேன் என்று நினைக்காதே, நான் அழவில்லை. அவர்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டே போனபோது நானும் கூடவே நினைத்துக்கொண்டு வந்தேன். உன் அப்பா ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் சாப்பிடக்கூட வராமல் செய்ததையெல்லாம் இடித்துப்போட்டால் இந்த வீடு எவ்வளவு என்று எல்லாரும் சரியாகச் சொன்னார்கள், பேங்க் ஆள் சொன்னார், உன் மாமா சொன்னான், வீட்டுக்காரர் மகன் சொன்னார். இடிக்காமல் விட்டால் எவ்வளவு என்று ஒருத்தரும் சொல்லவில்லை. அதை யாராவது சொல்ல வேண்டும் இல்லையா. எனக்கும் சரியாகத் தெரியாது, வாயில் வந்தது அதுதான். முப்பத்தெட்டு என்று வந்திருந்தால் அதையும் கொடுத்திருப்பேன், வரவில்லை. அவர் பணத்தைக் கொடுத்து அவர் கட்டின சுவரையே வாங்குகிறாய் என்று எங்கள் சலவைப் பிரிவில் இருக்கிற பெரியக்கா சிரித்தாள். வேறு யார் கட்டின சுவரை வாங்கச் சொல்கிறாய் என்று கேட்டேன், அவள் அடுத்த விரிப்பை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கார அம்மாவே போன் செய்தார். முப்பத்தைந்து என்று சொல்லியிருந்தாலே கொடுத்திருப்பேன் என்றார். அப்படியானால் முப்பத்தைந்து வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். சொன்னது சொன்னதுதானே என்றார். அதுவும் சரிதான். வருகிற மாதம் பத்திரம். உன் மாமா என்னோடு பேசுவதில்லை, ஆனால் தினமும் சாயங்காலம் வந்து உட்கார்ந்து பேசாமல் இருந்துவிட்டு, டீ குடித்துவிட்டுப் போகிறான். நேற்று பாத்ரூம் வாசலில் ஒரு வரிச் செங்கல் வைத்துப் பூசிக் கொடுத்தான், தண்ணீர் கூடத்துக்கு வராது, ஓட்டைக்கும் போகாது, நடுவில் நிற்கிறது.

நீ பணம் எதுவும் அனுப்பாதே. அனுப்பினால் திருப்பி அனுப்புவேன், அதற்கு வேறு தனியாகச் செலவு. உனக்கும் மாப்பிள்ளைக்கும் என்றைக்காவது அங்கே வீடு வாங்குகிற எண்ணம் வந்தால் நீ முதலில் விலை சொல்லாதே, நீ சொன்னதுதான் சரி, நான் செய்ததைப் பார்த்து நீ செய்யாதே. அடுத்தவர் வீட்டில் எதையும் இழுத்துப் பார்க்காதே. குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ, வெறும் வயிற்றில் காபி குடிக்காதே, சாவியை எங்கே வைத்தோம் என்று தேடுகிற பழக்கத்தை விடு. நீங்கள் இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் விட்டுக்கொடுக்காமல், நோய் நொடி இல்லாமல் ரொம்ப நாள் நன்றாக இருக்க வேண்டும், அதை நான் தினமும் நினைக்கிறேன், வாய்விட்டும் சொல்கிறேன், வீட்டில் கேட்க ஆள் இல்லாததால் சத்தமாகவே சொல்கிறேன். உன் முழுப்பெயர் எப்படி எழுத வேண்டும் என்று பதிலில் எழுது, பத்திரத்தில் உன் பெயரையும் போடச் சொல்லியிருக்கிறேன், எழுத்துத் தப்பாகிவிடக் கூடாது.

உன் நினைப்பாகவே இருக்கும்
அம்மா

இதை ஒட்டுவதற்கு முன்னால் துணியை இறக்கிப் பார்த்தேன். கப்பி கிட்டே கயிறு நூல் நூலாகப் பிரிகிறது. சட்டத்துக்குச் சரியாக நிற்கட்டும் என்று அந்த டின்னுக்குள் உன் அப்பா எதை எவ்வளவு போட்டார் என்று எனக்குத் தெரியாது, திறந்தால் மறுபடி அதே மாதிரி மூட வராது. உன் மாமாவைத் தொடவிட மாட்டேன். ஆஸ்பத்திரிக்கு லிஃப்ட் பார்க்க வருகிறானே புது ஆள், அவனைக் கேட்கவும் மனசில்லை. இது அறுந்தால் நான் யாரைக் கூப்பிடுவது சிட்டு?