இடது கைக்குப் போன மோதிரம்

நவம்பர் 4

டானாங் தொலைபேசியில் அழைத்தான். "பாக் தர்சோனோ, புதுப் படம் ஆரம்பிக்கறேன். ஷாட்டுக்கு ஷாட் எதுவும் மாறாம பாத்துக் கன்டினியூட்டி எழுத யோக்யா ஊர்ல உங்கள விட்டா யாரு இருக்கா? நம்ம குடும்பம் மாதிரி சின்ன யூனிட்தான்."

குடும்பமாம். ஐயா என்று மரியாதையாக 'பாக்' வேறு. ஆறு வருடத்துக்கு முன் நான் நம்பிச் சொன்ன திரைக்கதையைத் தன் பெயரில் படமாக்கிப் பரிசு வாங்கியவன். நன்றிப் பட்டியலில் நான் பதினேழாவது. சாப்பாட்டுக் கடைக்காரருக்கும் கீழே.

"சரி மாஸ், வர்றேன்" என்றேன். அண்ணன் என்று நானும் 'மாஸ்' போட்டேன். ஏன் சம்மதித்தேன்? பயமா? இல்லை. பக்கத்தில் இருந்தால்தான் எதையாவது செய்ய முடியும்.

நவம்பர் 5

திரைக் கழகத்துப் புதியவர்களுக்காக எழுதிவரும் குறிப்புகளில் இன்று சேர்த்தது: கதையை வாயால் சொல்லாதே. எழுது, தேதி போடு, கையெழுத்து வாங்கு, பிறகு சொல். எனக்கு இது அறுபத்தைந்து வயதிலும் தெரியவில்லை.

நவம்பர் 12

ஜாவா வழக்கப்படி படத் தொடக்கப் பூஜைச் சோறு. மஞ்சள் சோற்றுக் கோபுரத்தின் உச்சியை வெட்டி, டானாங் முதலில் என் தட்டில் வைத்தான். "நம்ம குருவுக்கு!" எல்லோரும் கைதட்டினார்கள். சாப்பிட்டேன்.

நவம்பர் 15

குறிப்பு: ஒவ்வொரு இடத்திலும் வசனமில்லாத வெறும் ஒலியை ஒரு நிமிடம் பதிந்துகொள். பள்ளிவாசலின் பாங்கு நேரங்களைப் பார்த்த பிறகே வசனக் காட்சிக்கு நேரம் குறி.

நவம்பர் 22

பதினொன்றாம் நாள். பழைய வீட்டில் கடைசி நாள், நாளை இடிக்கிறார்கள். மனைவியை அடக்கம் செய்துவிட்டு வந்தவன் மோதிரத்தைத் தடவியபடி உட்கார்ந்திருக்கும் காட்சி. பாதியை மதிய உணவுக்கு முன் எடுத்தோம், பாதியைப் பின்.

கல்யாண மோதிரம் வலது கையில். சாப்பிடுவதும் அந்தக் கையால்தானே. நடிகர் ஹெரு மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டுச் சாப்பிட்டார், கை கழுவினார், இடது கையில் மாட்டிக்கொண்டார்.

நான் பார்த்தேன். நான் மட்டும்.

காமிரா ஓடியது. ஒரு வார்த்தை போதும். சொல்லவில்லை. நான்கு டேக்.

கன்டினியூட்டித் தாளில் மட்டும் பொய் எழுத வரவில்லை. 'உணவுக்கு முன் வலது கை. பின் இடது கை. இயக்குநரிடம் சொல்லவில்லை.' டானாங் படிக்காமலே கீழே கையெழுத்துப் போட்டான். "உங்க தாள நான் வேற படிக்கணுமா பாக்? கண்ண மூடிக்கிட்டுப் போடலாம்."

நவம்பர் 23

வீட்டை இடித்துவிட்டார்கள். நன்றாகத் தூங்கினேன். தூங்கியிருக்கக் கூடாதோ?

பிப்ரவரி 9

படத்தொகுப்பாளர் லின்டாங் அழைத்தாள். "பாக், ரெண்டு பாதியும் ஒட்டவே மாட்டேங்குது. பன்னிரண்டு நாளா அதே காட்சி. என் கண்ணு போச்சு. டானாங் மாஸ் சுவத்துல முட்டிக்கிறாரு."

"அப்படியா" என்றேன். என் தாளை அவளிடம் யாரும் கொடுக்கவில்லை போலும்.

அவன் முட்டிக்கொள்ளட்டும். ஆனால் இந்தப் பெண் எனக்கு என்ன செய்தாள்?

செப்டம்பர் 14

படம் வெளிவந்தது. மோதிரம் கை மாறியதைப் பார்த்து விமர்சகர் ஒருவர் உருகியிருக்கிறார்: துக்கத்தில் தன் கைகளையே மறந்த மனிதனாம். டானாங் பேட்டியில் சொல்கிறான்: "அந்த மோதிரத்துக்காக மாசக்கணக்கா யோசிச்சேன்."

படுபாவி! என் பழியையும் திருடிட்டானே!

செப்டம்பர் 15

அன்றைய தாளின் நகல் என்னிடம் இருக்கிறது. கழகத்து வகுப்பில் காட்டப்போவதாக எல்லோரிடமும் சொல்லிவிட்டேன்.

செப்டம்பர் 27

மதியம் டானாங் அழைத்தான். குரல் கம்மியிருந்தது. "பாக், அந்தப் பதினொன்னாம் நாள் தாள் மட்டும் வேணாமே. பழைய படத்துல உங்க பேரப் போட்டுடறேன். திரைக்கதைன்னே போடறேன், சத்தியமா."

ஆறு வருடத்துக்கும் மேலாகக் காத்திருந்த வார்த்தை. கடிகாரத்தைப் பார்த்தேன்.

"வகுப்பு நாலு மணிக்கு மாஸ். நேரமாச்சு."

தாளைப் பெரிதாக்கித் திரையில் காட்டினேன். நாற்பது பேர். முன்வரிசைப் பெண் கேட்டாள்: "சொல்லவில்லைன்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க? ஏன் பாக் சொல்லல?"

பழைய திரைக்கதையிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன்.

பின்னாலிருந்து ஒரு குரல்: "அப்ப இவரையும் வேலைக்குக் கூப்பிடக் கூடாது!" சிரிப்பு. நல்ல யோசனை, குறித்துக்கொள்ளுங்கள் என்றேன்.

அக்டோபர் 30

இந்த மாதம் எனக்கு அழைப்பில்லை. டானாங்குக்கும் இல்லையாம், சோத்தோ சூப் கடையில் லின்டாங் சொன்னாள். நல்ல பசி. இரண்டாவது கிண்ணம் கேட்டேன். "என் பன்னிரண்டு நாளு, பாக்?" என்று கேட்டுவிட்டு, அவள் தன் கிண்ணத்தைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனாள்.