குன்று மூச்சு விட்டது

அன்புள்ள உங்களுக்கு,

நான் நலம். நம் குட்டிக்குக் கருகிப்போன புருவம் முழுதாக வளர்ந்துவிட்டது என்று உங்கள் அண்ணி போனில் சொன்னார். அதைக் கேட்ட பிறகுதான் எனக்குச் சாப்பாடு இறங்கியது.

நாம் ஜெயித்துவிட்டோம். அன்று நம் குளியலறையில் குப்பென்று பற்றியது சாக்கடை வாயு இல்லை. ஆய்வுக்கூடத்து முடிவு வந்துவிட்டது. கனமான கார்பன் அணுக்களுக்கும் லேசானவற்றுக்கும் உள்ள விகிதத்தைப் பார்த்தால், நம் தரைக்கடியில் எடுத்த மீத்தேனும் சேற்றுக்குன்றின் உச்சியில் கொப்பளிக்கும் மீத்தேனும் ஒன்றுதான். களிமண் அடுக்குகளுக்குக் கீழே, வெகு ஆழத்தில் அழுந்திக் கிடக்கும் வாயு அது. அதுதான் தண்ணீரையும் களிமண்ணையும் குழைத்து மேலே தள்ளுகிறது. சேற்று எரிமலை என்று பெயரே தவிர, தொட்டால் சேறு குளிர்ச்சியாகத்தான் இருக்கிறது.

குன்றின் வாயு நம் தெருவுக்கு ஏன் வந்தது? இரும்புக் கம்பியால் மண்ணில் துளையிட்டு, குழாயை இறக்கி, வாயு இருந்தால் அலறும் கருவியால் வீட்டிலிருந்து குன்றை நோக்கி அளந்துகொண்டே போனேன். தடம் குடியிருப்போர் சங்கத்தின் வண்டி நிறுத்துமிடத்தில் போய் நின்றது. அந்த இடத்தில் முழங்கால் உயரத்துக்குச் சேற்றுக் கூம்புகள் இருந்தனவே, கார் மேல் தெறிக்கிறது என்று அவற்றை இடித்து, கான்கிரீட் ஊற்றி, வெள்ளைக் கோடும் போட்டிருக்கிறார்கள். போக வழியில்லாத வாயு பக்கத்து விரிசலில் புகுந்துவிட்டது.

சங்கத் தலைவர், நீங்கள் 'மேஸ்திரி மாமா' என்பீர்களே, அவர் கூட்டத்தில் என்னைப் பேசவே விடவில்லை. "வீட்டுக்காரரே இந்த வீடு வேண்டாம்னு குழந்தையைத் தூக்கிக்கிட்டுக் கோவிச்சுக்கிட்டுப் போயிட்டார், இந்தம்மா கான்கிரீட்டை உடைக்கணும்கிறாங்க" என்று சிரித்தார். எனக்குச் சுருக்கென்றது. "ஏப்பம் வருதுன்னு வாயைத் தைச்சுட்டா வயிறு சும்மா இருக்குமா மாமா?" என்று கேட்டுவிட்டு, எல்லோரையும் அழைத்துப் போய் அவர் வீட்டு மாடிப்படிக்கடியில் கருவியை வைத்தேன். அது அலறியது. அவர் மனைவி, "நாளைக்கே உடைங்கம்மா. கூடவே இவரையும் உடைச்சாலும் சரி" என்றார்.

பொறி பறக்கக் கூடாதென்று தண்ணீர் ஊற்றி ஊற்றித் துளைத்தோம். முதலில் ஒரு சீறல். பிறகு களுக் களுக்கென்று சாம்பல்நிறச் சேறு. மாமாவின் வெள்ளைச் சட்டையில் முதல் குமிழி வெடித்துத் தெறித்தபோது தெருவே கைதட்டியது. "அட, உயிரோடதான் இருக்கு!" என்று அவரே சிரித்துவிட்டார். நான் அழுததை யாரும் பார்க்கவில்லை; முகமெல்லாம் சேறு.

இப்போது தெருவில் எந்த வீட்டிலும் கருவி வாய் திறப்பதில்லை. நிறுத்துமிடத்துக்கு வேலி போட்டாகிவிட்டது. உள்ளே புதிதாக ஒரு கூம்பு முளைக்கிறது. குட்டி வந்து பெயர் வைக்கட்டும் என்று விட்டிருக்கிறோம்.

என் வார்த்தையை நம்பி வர வேண்டாம். கருவியை உங்கள் கையில் தருகிறேன். மூலை மூலையாக நீங்களே வைத்துப் பாருங்கள். அதற்குப் பிறகும் இந்த வீடு வேண்டாம் என்று நீங்கள் சொன்னால், சாமான் கட்டிக்கொண்டு நானும் உங்களோடு வண்டி ஏறுகிறேன்.

எங்கே இருந்தாலும் இருவரும் நன்றாக இருங்கள்.

என்றும் உங்கள்,
வீட்டுக்காரி