மயிலை மறைத்த டிரைவர்கள்

ஜூன் 9, திங்கள்

இன்று பட்டறையில் ஒரு லாரியின் பின்கதவுக்கு மயில் வரைந்து முடித்தேன். மாலையில் சேலத்திலிருந்து ரஞ்சனி என்று ஒரு அம்மா போன் செய்தார். பைபாஸில் புதிதாக வரும் ஓட்டலுக்கு உள் அலங்காரம் அவர்தானாம். ஒரு முழுச் சுவருக்கு லாரி பாடி போலவே படம் வேண்டுமாம். "உங்க வெப்சைட் லிங்க் அனுப்புங்க. மாசக் கடைசிக்குள்ள ஓனர் பார்க்கணும்" என்றார். அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டேன். வெப்சைட்டுக்கு எங்கே போக?

ஜூன் 10

என் மனைவி சத்யபிரியாவுக்கு மில் ஆபீசில் கம்ப்யூட்டர் வேலை. இதெல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. பேப்பரில் கட்டம் போட்டாள்: முதலில் பெயர், அப்புறம் வேலைகள், கடைசியில் போன் நம்பர். "சேரிங்க, போட்டா எங்கீங்க?" என்றாள்.

போட்டோவா? பன்னிரண்டு வருடமாக வரைகிறேன். பெயிண்ட் காய்ந்ததும் வண்டி அசாமுக்கோ குஜராத்துக்கோ போய்விடும். சுவர் எங்கும் போகாது. நினைத்தபோது போய் நின்று பார்க்கலாம். இந்த வேலை எனக்கு வேணும். ரொம்ப வேணும்.

ஜூன் 12

தெரிந்த டிரைவர்களுக்கெல்லாம் வாட்ஸ்அப்பில் சொல்லியாயிற்று — நான் வரைந்ததைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள் என்று.

ஜூன் 15, ஞாயிறு

வந்து குவிகிறது. ஆனால் எல்லாவற்றிலும் டிரைவர் நிற்கிறார்! காளியப்பன் கைகட்டி நிற்கிறார். பின்னால் மயிலின் கால் மட்டும் தெரிகிறது. அன்பரசு பவுடர் பூசி, கூலிங் கிளாஸ் மாட்டி, தாமரையை முழுசாக மூடிவிட்டான். பச்சமுத்து அண்ணனும் படத்தை மறைத்துத்தான் நின்றிருந்தார்; அவருக்குப் போன் போட்டேன்.

"ஏனுங்கண்ணா, கொஞ்சம் நகந்து நிக்கக் கூடாதுங்களா?"

"நானில்லாம வெறும் வண்டிய எதுக்கு சாமி எடுக்கோணும்?"

சிரிப்பதா, அழுவதா?

ஜூன் 21

போட்டோவிலிருந்து ஆளை மட்டும் அழிக்கும் ஆப் ஒன்றைச் சத்யா போட்டுப் பார்த்தாள். ஆள் போனார். மயிலும் கூடவே போனது. எனக்குக் கோபம் தலைக்கேறியது. "மானம் போனாப் போவுது, இதையே போட்டுத் தொலை!" என்று கத்தினேன்.

"அதைத்தானுங்க போடப் போறேன்" என்றாள்.

ஜூன் 24

போட்டேவிட்டாள். ஒவ்வொரு படத்தின் கீழும் டிரைவரின் பெயரும் வண்டி நிற்கும் ஊரும். 'கவுகாத்தியில் காளியப்பன். பின்னால் மயில்.' பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் படம் எங்கே என்று கேட்டால்? சாமியை வேண்டிக்கொண்டு லிங்கை அனுப்பினேன்.

ஜூன் 27

பதில் இல்லை.

ஜூன் 30

இன்றும் இல்லை. பட்டறையில் கழுகுக்குக் கண் வைக்க மறந்துவிட்டேன்.

ஜூலை 1

கிடைத்துவிட்டது! ரஞ்சனி அம்மா சிரித்துக்கொண்டே ஓனரிடம் போனைக் கொடுத்தார். "ஏனுங்க, நீங்க வரஞ்சா அத்தன பேரும் முன்னால போயி நின்னுக்கறாங்க. நம்ம ஓட்டலுக்கும் அதுதானுங்க வேணும்" என்றார். சத்யாவுக்கு அல்வா வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

ஓட்டல் திறப்பு. வெப்சைட்டுக்குச் சுவரை மட்டும் ஒரு போட்டோ எடுக்கலாம் என்று காலையிலிருந்து காத்திருந்தேன். ஆட்டையாம்பட்டிக் குடும்பம் நகர்ந்தால் வாழப்பாடிக் கும்பல் வந்து நிற்கிறது. சாப்பிட்டுக் கை கழுவியவர்கள் நேரே அங்கேதான் போகிறார்கள். சத்யா ஒவ்வொருவரிடமும் பெயரும் ஊரும் கேட்டுக்கொண்டிருந்தாள். சாயங்காலம் வரை என் சுவரை நானே முழுசாகப் பார்க்கவில்லை.